பூஜ்யம் இல்லாத இருபது ஆட்டங்கள்

"அப்பா, எது ஜெயிக்கணும்னு நீ ஜெபம் பண்ணுவே?"

என் மகள் மாலினுக்கு அப்போது ஏழு வயது. சமையலறை மேசையில், தாமே யோசித்து ஆடும் இரண்டு சதுரங்கக் கணினிப் பெட்டிகள் எதிரெதிராக இருந்தன. ஒரு பெட்டி தன் காயை எங்கே நகர்த்த விரும்புகிறது என்று சிறு சிவப்பு விளக்கால் காட்டும். நான் அதைப் பார்த்து, அதே நகர்த்தலை மற்றப் பெட்டியில் அழுத்துவேன். பிறகு அது யோசிக்கும். அதன் விளக்கு எரிந்ததும் முதல் பெட்டிக்குத் திரும்புவேன். ஓர் ஆட்டத்துக்கு நாலு மணி நேரம், சில சமயம் ஐந்து.

"எதுவும் ஜெயிக்கணும்னு இல்லடா கண்ணு. நடுவுல நான் தப்பு பண்ணிடக்கூடாதுன்னு மட்டும் கேட்டுப்பேன்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, தட்டிலிருந்த கடைசி இலவங்கப்பட்டை பன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஏதாவது ஒரு பெட்டியின் பக்கம் சேர வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறாள். எனக்கோ என் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது இரண்டு பேரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அந்தப் பெருமைக்குத் தண்டனை கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆண்டவர் அப்படிச் சில்லறைக் கணக்குப் பார்ப்பவர் இல்லை. ஆனால் தண்டனை இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஓங்கே என்ற ஊரின் ரயில் சந்திப்பில் எனக்கு வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதும் வேலை. ஓய்வு நேரத்தில், சதுரங்கப் பெட்டிகளைச் சோதிக்கும் எங்கள் சங்கத்துக்காக அவற்றை ஆடவைப்பேன். நாடு முழுவதும் என்னைப் போல நாற்பது பேர் இருந்தோம். கம்பெனிகள் எல்லாம் தங்கள் பெட்டிதான் உலகிலேயே பலமானது என்று அட்டையில் அச்சடிக்கும். நாங்கள் அதை நம்பாமல், ஒன்றோடு ஒன்றை மோதவிட்டு, முடிவை ஒரு தபால் அட்டையில் எழுதி உப்சாலாவுக்கு அனுப்புவோம். அங்கே ஹோல்யெர் என்ற கணக்கு வாத்தியார் எல்லா அட்டைகளையும் சேர்த்துப் புள்ளி போட்டு, மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடுவார். யாரும் எங்களுக்குச் சம்பளம் தரவில்லை. அதனால்தான் எங்கள் பட்டியலை எல்லோரும் நம்பினார்கள். கிறிஸ்துமஸுக்கு எந்தப் பெட்டியை வாங்கி அடுக்குவது என்று கடைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

"பெட்டி ரெண்டும் தானே ஆடுது. நடுவுல நீ எதுக்குடா?" என்று ஸ்டேஷனில் என்னோடு வேலை செய்யும் ஸ்தூரே கேலி செய்வான். "கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளை கையைப் பிடிச்சுப் பொண்ணு கையில வைக்கிற பாதிரியார் மாதிரி இருக்க."

"அந்த வேலையையும் ஒழுங்கா செய்ய ஆள் வேணும்ல" என்பேன்.

ஒழுங்கு என்பதுதான் எல்லாம். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே நேரம். நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி. ஒன்றுக்குக் கொடுத்த வசதி மற்றதற்கும். சங்கம் கேட்காத ஒன்றையும் நான் செய்தேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பெட்டி எத்தனை நொடி எடுத்துக்கொண்டது என்று நோட்டில் எழுதினேன். ரயில்காரனுக்குக் கை சும்மா இருக்காது.

அந்த வருஷம் ஆகஸ்டு பட்டியலில் முதலிடத்தில் இருந்தது இல்வெஸ் என்ற பெட்டி. காட்டுப்பூனை என்று அர்த்தம். அதற்குள் இருந்த நிரலை, அதாவது ப்ரோகிராமை, எழுதியவர் எஸ்கில்ஸ்துனாவில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்த வெய்க்கோ என்ற ஃபின்லாந்துக்காரர். தனி ஆள். கோபன்ஹேகனில் ஒரு சின்னக் கம்பெனி அதைப் பெட்டியில் போட்டு விற்றது. இரண்டாம் இடத்தில் இருந்தது கிரானைட். அதன் பின்னால் பெரிய வெளிநாட்டு நிறுவனம், ஒரு மாடி முழுக்க ஆட்கள். இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு புள்ளி. இலையுதிர் காலத்தில் இரண்டையும் இருபது ஆட்டம் ஆடவைக்கும் பொறுப்பை ஹோல்யெர் எனக்குக் கொடுத்தார். இல்வெஸ் என்னுடையது, சொந்தக் காசில் வாங்கியது. கிரானைட்டைச் சங்கம் இரவல் அனுப்பியது.

அந்தச் செப்டம்பரில்தான் என் மனைவி குன்வோரை முதியோர் இல்லத்தில் இரவுப் பணிக்கு மாற்றினார்கள். காலை ஏழரைக்கு வந்து படுப்பாள். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் இடையே ஒரு மெல்லிய சுவர்தான். எனக்கு மாலைப் பணி, ஆகையால் காலையில்தான் ஆட்டம். பெட்டிகள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கீச்சென்று கத்தும். முதல் நாள் காலை பத்து மணிக்கு அவள் தலைவிரிகோலமாக வாசலில் வந்து நின்றாள்.

"எவெர்ட், என் கனவுல கூட யாரோ காய் நகர்த்திக்கிட்டே இருக்காங்க."

"ஐயோ. போய்ப் படும்மா. இனிமே சத்தம் வராது."

கிரானைட்டில் சத்தத்துக்குத் தனித் திருகு இருந்தது. குறைத்துவிட்டேன். இல்வெஸில் அப்படி இல்லை. ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு, பலகையின் ஓரத்தில் ஒரு கட்டத்தை அழுத்த வேண்டும். அழுத்தினேன். இரண்டு கட்டங்களில் விளக்கு எரிந்தது. சத்தம் நின்றுவிட்டது. இரண்டாவது விளக்கு எதற்கு என்று பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். குன்வோர் தூங்க வேண்டும் என்ற நினைப்பில் இருந்தேன். அதுவரை ஆடியதைக் கலைத்துவிட்டு, மறுபடி தொடங்கிய ஆட்டத்தை முதலாவது என்று எழுதி, அக்டோபர் கடைசிக்குள் இருபதையும் முடித்தேன்.

கிரானைட் பன்னிரண்டரை, இல்வெஸ் ஏழரை.

அட்டை போய்ச் சேர்ந்ததும் ஹோல்யெர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்னப்பா ஓங்கேக்காரா, பூனைக்குக் காய்ச்சலா?"

"எனக்கும் ஆச்சரியம்தான். மத்த பெட்டிகளோட நல்லாத்தான் ஆடிச்சு."

"வேற யாராவது அனுப்பியிருந்தா நான் ரெண்டு தடவ யோசிப்பேன். நீ அனுப்பினா யோசிக்கத் தேவையில்ல. ரயிலே லேட்டா வந்தாலும் உன் நோட்டு லேட்டா வராது."

நவம்பர் பட்டியல் வந்தது. கிரானைட் 1914. இல்வெஸ் 1907. பக்கத்தில் ஒரு சின்ன எழுத்துப் பத்தி உண்டு. இந்த எண் இத்தனை புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம் என்று சொல்லும் பத்தி. இரண்டுக்கும் நேரே முப்பத்தொன்று என்று இருந்தது. அதாவது ஏழு புள்ளி வித்தியாசத்தில் எது பலசாலி என்று எங்களுக்கே தெரியாது. ஆனால் அந்தப் பத்தியை ஹோல்யெரைத் தவிர யாரும் படித்து நான் பார்த்ததில்லை. கடைகளில் முதலிடம் என்ற ஒரு வார்த்தையைத்தான் ஒட்டினார்கள். முதலிடத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்துக்கு இடமில்லை.

அந்த மாதக் கடைசியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. வெய்க்கோவிடமிருந்து. நாங்கள் அதுவரை பேசியதில்லை. எழுத்து பெரிது பெரிதாக, கோடு போட்ட தாளில், பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தது. புகார் ஒன்றும் இல்லை. கோபன்ஹேகன் கம்பெனி அடுத்த பெட்டிக்கு ஒப்பந்தம் போடத் தயங்குகிறதாம். ஜனவரி பத்துக்குள் நிரலைத் திருத்தி அனுப்பி, கிரானைட்டை அது சமாளிக்கிறது என்று காட்டினால் ஒப்பந்தம். இல்லையென்றால் இல்லை. எட்டு வருஷ உழைப்பு. ஆகவே அந்த இருபது ஆட்டங்களையும் நகலெடுத்து அனுப்ப முடியுமா, நிரல் எங்கே பலவீனமாக இருக்கிறது என்று அவற்றிலிருந்து கற்றுக்கொள்வேன் என்று எழுதியிருந்தார். கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம். "நீங்கள் கவனமானவர் என்று ஹோல்யெர் சொன்னார். அதனால் உங்கள் ஆட்டங்களை நம்பி வேலை செய்யலாம்."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளில் முதலாவது அன்று, ஜன்னலில் காகித நட்சத்திர விளக்கை மாட்டிவிட்டு நகலெடுக்க உட்கார்ந்தேன். நாலாவது ஆட்டத்தை எழுதும்போது ஏதோ உறுத்தியது. நொடிகள் எழுதிய பத்தியைப் பார்த்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிராளி யோசிக்கும்போது நல்ல நிரல் சும்மா இருக்காது. அவர் அடுத்து என்ன ஆடுவார் என்று ஊகித்து, அதற்குப் பதிலை முன்கூட்டியே தேடிக்கொண்டிருக்கும். ஊகம் பலித்துவிட்டால், நான் காயை வைத்த மறுகணமே பதில் வரும். நோட்டில் அதைப் பூஜ்யம் என்று எழுதுவேன். கிரானைட்டின் பத்தியில் மூன்று வரிக்கு ஒரு பூஜ்யம் இருந்தது. இல்வெஸின் பத்தியில் ஒன்றுகூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில் இல்லை. பதினொன்றில் இல்லை. இருபதிலும் இல்லை. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். கோடையில் மற்றப் பெட்டிகளோடு இல்வெஸ் ஆடியபோது பக்கத்துக்குப் பக்கம் பூஜ்யங்கள்.

எழுந்துபோய் இல்வெஸை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு விளக்குகளும் அப்படியே எரிந்தன. புத்தகத்தைப் புரட்டினேன். முதல் கட்டம் சத்தம். அதை ஒட்டிய கட்டம், எதிராளியின் நேரத்தில் யோசிப்பது. என் கட்டைவிரல் பெரிது. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே உள்ள கோட்டில் அது விழுந்திருக்கிறது. ஏழு வாரம், இருபது ஆட்டம், கிரானைட் இருவர் நேரத்திலும் யோசித்தது, இல்வெஸ் தன் நேரத்தில் மட்டும் யோசித்தது. ஆதாரம் முழுவதும் என் கையெழுத்திலேயே இருந்தது. நொடிக்கு நொடி எழுதியிருந்தேன். எழுதியதை ஒருநாளும் படித்துப் பார்க்கவில்லை.

சின்ன அன்பு ஒருபோதும் வீண்போகாது என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மனைவி தூங்கட்டும் என்று நினைத்தது சின்ன அன்புதானே? அது எங்கே போய் முடிந்தது என்று அந்த நட்சத்திர வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஹோல்யெரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எல்லா ஆட்டமுமா?"

"இருபதும்."

"சரி. மார்ச் பட்டியல்ல அந்த இருபதையும் எடுத்துடறேன். சத்தமில்லாம."

"மார்ச்சா? ஹோல்யெர், அவருக்கு ஜனவரி பத்து வரைக்கும்தான் டைம். கம்பெனிக்கு இப்பவே ஒரு வரி எழுதினா..."

"எழுதினா என்ன ஆகும் தெரியுமா? ஆயிரத்து நானூறு பிரதி வெளியில போயிடுச்சு. கிரானைட்காரன் நாளைக்கே கேப்பான், இந்த ஒண்ணுல தப்புன்னா மத்ததுல எத்தனை தப்புன்னு. நாப்பது பேரோட பத்து வருஷ வேலை, எவெர்ட். உன் கட்டைவிரலுக்காக எல்லாத்தையும் சந்தேகத்துல விடச் சொல்றியா?"

"அவரோட எட்டு வருஷம் இருக்கே."

"வித்தியாசமே ஏழு புள்ளி. முப்பத்தொண்ணு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோன்னு நான்தான் பக்கத்துலயே போட்டிருக்கேனே. எது பலசாலின்னு நாம சொல்லவே இல்ல. ஜனங்க அப்படிப் படிச்சா நான் என்ன பண்றது?"

அவர் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் கசந்தது.

"உன் பேரு கெடக்கூடாதுன்னுதான் சொல்றேன்" என்று கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உன்னைத்தான் எல்லாருக்கும் உதாரணமா காட்டிட்டு இருக்கேன்."

அந்த இடத்தில் நான் விழுந்தேன். சங்கத்துக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் என் பெயருக்காகத்தான். ஓங்கே எவெர்ட் தவறு செய்ய மாட்டான் என்று நாற்பது பேர் சொல்லும் பேச்சு எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்திருக்கிறது.

வெய்க்கோவுக்கு ஆட்டங்களை அனுப்பினேன். நகர்த்தல்களை மட்டும். நொடிகள் எழுதிய பத்தியை விட்டுவிட்டேன். அவர் அதைக் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறைக்குள் ஒரு கிறிஸ்துமஸ் அட்டையும் வைத்து, உங்கள் முயற்சியை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும் என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அதைவிட வெட்கக்கேடானது வேறில்லை.

ஜனவரிக் கடைசியில் ஹோல்யெர் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே சொன்னார். "ஃபின்லாந்துக்காரரைக் கம்பெனி விட்டுடுச்சாம். திருத்தி அனுப்பினது முன்னை விட மோசமா ஆடிச்சாம். பாவம்." மார்ச் பட்டியலில் இருபது ஆட்டங்களும் காணாமல் போயின. விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. இல்வெஸ் கிரானைட்டைத் தாண்டியிருந்தது. ஆனால் அதற்குள் வேறொரு புதுப் பெட்டி வந்து இரண்டுக்கும் மேலே உட்கார்ந்துவிட்டது. கடைகளில் இல்வெஸைத் தள்ளுபடி அலமாரிக்கு மாற்றிவிட்டார்கள். திருத்தம் நடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

புனித வெள்ளி ஆராதனையில் எல்லோரும் பாடினார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. பக்கத்தில் குன்வோர் என் கையைத் தொட்டு, "தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தூக்கத்துக்காகச் செய்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

"என்கிட்ட சொல்லி என்ன? அவர்கிட்ட போ" என்றாள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை எஸ்கில்ஸ்துனாவுக்குப் போனேன். மூன்றாம் மாடி. வெய்க்கோ ஐம்பது வயதைத் தாண்டியவர், உயரம், கொஞ்சம் கூன். விரல்களில் இரும்புத் தூசி ஏறிக் கறுத்த கோடுகள். வாசலில் காலணியைக் கழற்றுவதற்குள் எனக்குக் காபி ஊற்றிவிட்டார்.

"ஓங்கேலேருந்தா? ரொம்ப தூரமாச்சே. சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன்."

"சொல்லுங்க. உக்காந்து சொல்லுங்க."

சொன்னேன். நோட்டை எடுத்து மேசையில் விரித்து அந்தப் பத்தியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கறுத்த விரலை வரிவரியாக இறக்கிக்கொண்டே போனார். ஐந்து பக்கம் அப்படியே புரட்டினார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்துவந்தார். நான் அனுப்பிய ஆட்டங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புப் பென்சில் குறிப்புகள்.

"டிசம்பர் முழுக்க இதோடதான் இருந்தேன். தொழிற்சாலையில லீவு போட்டு. இது ஏன் இவ்வளவு மேலோட்டமா யோசிக்குதுன்னு எனக்குப் புரியவே இல்ல. வேகம் பத்தல போலன்னு நினைச்சேன். வேகம் வேணும்னா எதையாவது வெட்டணும். ராஜாவோட பாதுகாப்பு பத்தி நான் அதுக்குச் சொல்லிக்கொடுத்த பகுதி ஒண்ணு இருந்துச்சு. மூணு வருஷம் பிடிச்சுது அதை எழுத. அதை வெட்டினேன்." தாளை மேசைமேல் தட்டி ஓரத்தைச் சரிசெய்தார். "வேகமா ஆடிச்சு. முட்டாள்தனமா ஆடிச்சு."

"டிசம்பர்லயே எனக்குத் தெரியும்" என்றேன். "இதை நகல் எடுக்கும்போதே தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

இதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"சத்தத்தை எதுக்கு நிறுத்தினீங்க?"

"என் மனைவிக்கு நைட் டியூட்டி. காலையிலதான் தூங்குவா."

"நல்லாத் தூங்கினாங்களா?"

"தூங்கினா."

"அப்ப சரி. ஒருத்தருக்காவது அதுல ஏதோ கிடைச்சிருக்கு."

கிண்டலாகச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. இரண்டும் கலந்திருக்கலாம்.

"கம்பெனிக்கு எழுதறேன். என் பேர் போட்டே எழுதறேன்" என்றேன்.

"எழுதலாம். வேண்டாங்கல. ஆனா அவங்க எந்தக் காலத்துல ப்ரோகிராமை வாங்கினாங்க? முதலிடத்தைத்தான் வாங்கினாங்க. அந்த இடத்துல இப்ப வேற ஆள் இருக்கான்." காபிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "ஒண்ணே ஒண்ணுதான் மனசுல. அந்த இருபதும் ஒழுங்கா நடந்திருந்தா..." அங்கேயே நிறுத்தினார். "வேணாம். எனக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா தூக்கம் போயிடும்."

கிளம்பும்போது, ரயிலில் நல்ல சாப்பாடு கிடைக்காது என்று கறுப்பு ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்து, காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். யெவ்லே தாண்டும் வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன். அதன் பிறகு தின்றேன். தின்னாமல் இருந்தால் அது இன்னொரு பாவம் என்று பட்டது.

கம்பெனிக்கு எழுதினேன். பதில் வரவில்லை. சங்கப் பத்திரிகைக்கும் எழுதினேன். இடமில்லை என்று ஹோல்யெர் திருப்பி அனுப்பினார். ஆகஸ்டில் வெய்க்கோ ஃபின்லாந்தில் உள்ள ஊலுவுக்கே, தன் தம்பி வீட்டுப் பக்கம் போகப்போகிறார் என்று யாரோ சொன்னார்கள்.

ஜூலையில் எனக்கு நாலு வாரம் விடுமுறை. எப்போதும் குன்வோரின் அக்கா வீட்டுக்கு, கடற்கரைக்குப் போவோம்.

"நீயும் மாலினும் போங்க. எனக்கு இங்க ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றேன்.

குன்வோர் என்ன வேலை என்று கேட்கவில்லை. குளிர்பெட்டியில் மீனும் உருளைக்கிழங்கும் செய்து அடுக்கிவிட்டுப் போனாள்.

கிரானைட்டை மறுபடி இரவல் கேட்டபோது ஹோல்யெர் சிரித்தார். "அந்தக் கிழட்டுப் பெட்டியா? பட்டியல்ல ஆறாவது இடத்துக்குப் போயிடுச்சே. அதை வச்சு என்ன பண்ணப்போற?"

"சும்மாத்தான்."

"வச்சுக்கோ. திருப்பி அனுப்ப வேண்டாம்."

திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஓர் ஆட்டம். நாலு வாரம், இருபது ஆட்டம். அதே நேர அளவு. பத்தில் இல்வெஸுக்கு வெள்ளை, பத்தில் கறுப்பு. ஒவ்வொரு நாள் காலையும் தொடங்கும் முன் எல்லாக் கட்டங்களின் விளக்குகளையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் நொடிகளின் பத்தியை மேலிருந்து கீழே படித்தேன். இந்த முறை படித்தேன். இந்த முடிவு எந்தப் பட்டியலிலும் ஏறப்போவதில்லை. இதனால் ஒரு பெட்டி கூட விற்கப்போவதில்லை. வெய்க்கோவிடம் சொல்லவும் முடியாது, அவரே வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் அந்த இருபது ஆட்டங்களும் அவருக்கு நான் தர வேண்டியவை.

பத்தொன்பது ஆட்டம் முடிந்தபோது ஒன்பதரை, ஒன்பதரை என்று நின்றது.

இருபதாவது ஆட்டம் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. இல்வெஸுக்குக் கறுப்பு. அறுபதாவது நகர்த்தலில் அதற்கு ஒரு சிப்பாய் குறைவு. இரண்டு பக்கமும் ராஜாவும் ஒரு யானையும். யார் பார்த்தாலும் சமன் என்றுதான் சொல்வார்கள். சங்கத்து ஆட்களே அந்த இடத்தில் சமன் என்று எழுதிவிட்டு எழுந்து போவார்கள். நானும் எழுதியிருக்கலாம். வீட்டில் யாரும் இல்லை. கேட்கவும் யாரும் இல்லை. ஆனால் கிரானைட் இன்னும் விடவில்லை, யானையை இப்படியும் அப்படியும் கொண்டுபோய் முயன்றுகொண்டிருந்தது. இல்வெஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அது தன் பதிலைத் தானே சொல்லட்டும் என்று நான் இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டே இருந்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. தொண்ணூற்று நாலாவது நகர்த்தலில் பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சின. மணி மாலை ஐந்தே முக்கால்.

பத்து, பத்து என்று எழுதினேன்.

பிறகு ஹோல்யெரின் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். அந்த நவம்பர் பட்டியலில் இந்தப் பத்தும் பத்தும் போயிருந்தால் இல்வெஸ் முதலிடத்திலேயே நின்றிருக்கும். நாலு புள்ளி வித்தியாசத்தில். முப்பத்தொன்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.

தாளை அடுப்பில் போட்டேன். வெய்க்கோ தெரிய வேண்டாம் என்று சொன்னது அது ஒன்றைத்தான். ஆட்டங்கள் இருபதையும் நல்ல கையெழுத்தில், நொடிகளோடு எழுதி முடித்து, கடைசிப் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டு, எங்கும் அனுப்பாமல் நோட்டை மூடினேன். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, ஆறிப்போன மீனைத் தட்டில் வைத்து, ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டேன்.